இது எந்த வகையறா?

வாசகர் கேள்வி – பதில்
(பதில் சொல்பவர் மதுரையில் முப்பத்திரண்டு வருடம் விலங்கியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர்)

கேள்வி: அய்யா, ஐப்பசி மழைக்கு எங்கள் கொல்லையில் கிடந்த தேங்காய் மட்டைக் குவியலில் மஞ்சளாக ஏதோ நுரைத்துக் கிடந்தது. முட்டையை அடித்து ஊற்றினது மாதிரி இருந்தது. சாயங்காலம் குவியலின் அடியில் பார்த்தேன், காலையில் ஒரு சாண் மேலே ஏறியிருந்தது! ஏழாவது படிக்கும் என் மகன் "வேற்றுக்கிரக உயிர்" என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டான். மாமியார் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தச் சொல்கிறார். அது என்ன? நிஜமாகவே அப்படி ஒன்று வந்தால், வெளியிலிருந்து வந்ததா, இங்கேயே இருந்து நாம் பார்க்காமல் விட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?
– ஒரு வாசகி, செக்கானூரணி

பதில்: கொளுத்த வேண்டாம் அம்மா. உங்கள் வீட்டுக்கு வந்திருப்பது சளிப்பூஞ்சை. பெயரில் பூஞ்சை இருந்தாலும் அது பூஞ்சை இல்லை. செடியும் இல்லை, விலங்கும் இல்லை. அந்த மஞ்சள் நுரை மொத்தமும் உட்கருக்கள் ஏராளமாக மிதக்கிற ஒரே ஒரு செல். மட்டையில் இருக்கிற பாக்டீரியாவைத் தின்றுகொண்டே மெல்ல ஊர்ந்து போகும். நாலு நாளில் தானே காய்ந்து பழுப்புப் பொடியாகிவிடும். வீட்டில் இழுப்புக்காரர் யாராவது இருந்தால் அந்தப் பொடிக்குப் பக்கத்தில் போகாமல் இருந்தால் போதும்.

உங்கள் மகனைத் திட்டாதீர்கள். 1973-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கார்லண்ட் என்ற ஊரில் ஒரு வீட்டுப் புல்வெளியில் இதே சளிப்பூஞ்சை முளைத்தபோது, பெரியவர்களே "வானத்திலிருந்து வந்தது" என்று பேசினார்கள். அங்கே அதற்கு வழக்குப் பெயர் 'நாய் வாந்தி'. பெயர் வைத்தவருக்கு நல்ல கண்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. பார்க்க விசித்திரமாக இருப்பது எதற்கும் சாட்சி ஆகாது. ஸ்ரீவில்லிபுத்தூர் இங்கிருந்து 75 கிலோமீட்டர். பால்கோவா வாங்கப் போவோம், ஆண்டாளைப் பார்க்கப் போவோம். அந்த ஊர் மலையில் ஒரு தவளை இருக்கிறது. உப்பிப்போன உடம்பு, பன்றி மூக்கு மாதிரி கூர் மூக்கு, கத்தரிக்காய் நிறம். வருடத்தில் பெரும்பாலான நாள் மண்ணுக்குள்ளேயே கிடந்து கறையான் தின்னும். மழைக்குச் சில நாள் மட்டும் இணை சேர மேலே வரும். இதன் அண்ணன் இனத்தை 2003-இல் இடுக்கிப் பக்கம் கண்டு அறிவித்தபோது உலகமே வாயைப் பிளந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரரைத் தனி இனம் என்று 2017-இல் சொன்னார்கள். ஊர்வன, நீர்நில வாழ்வன பற்றி வாழ்நாளெல்லாம் ஆராய்ந்து மறைந்த பூபதி அவர்களின் பெயரால் 'நாசிகாபட்ரகஸ் பூபதி' என்று பெயர் வைத்தார்கள். இந்தத் தவளையின் நெருங்கிய சொந்தக்காரர் யார் தெரியுமா? அரபிக்கடல் தாண்டி, சீஷெல்ஸ் தீவுகளில் இருக்கிற குட்டித் தவளைகள், சில சுண்டுவிரல் நக அளவுதான்! பத்துக் கோடி வருடத்துக்கு முன்னால், நிலம் ஒட்டிக் கிடந்த காலத்துச் சொந்தம். முகத்தைப் பார்த்து யாராலும் இதைச் சொல்லியிருக்க முடியாது. டி.என்.ஏ. சொன்னது.

நம் பக்கம் கல்யாணப் பேச்சு எடுத்தால் முதலில் என்ன கேட்கிறோம்? "உங்களுக்குக் குலதெய்வம் எது, நீங்கள் எந்த வகையறா?" ஒரே சாமி என்றால் பங்காளி, பேச்சு அங்கேயே முடிந்தது. பையன் மலேசியாவில் பிறந்து தமிழே தெரியாமல் வந்து நின்றாலும் சரி, மாசி சிவராத்திரிக்கு அவன் தாத்தா எந்தக் கோயிலில் பொங்கல் வைத்தார் என்பதுதான் கணக்கு.

பூமியில் இருக்கிற எல்லா உயிரின் செல்லுக்குள்ளும் அப்படி ஒரு குலதெய்வக் கோயில் இருக்கிறது. அதற்குப் பெயர் ரைபோசோம். புரதம் செய்கிற பட்டறை. (வைரஸுக்கு மட்டும் இல்லை. அது தனி வழக்கு, அதைக் கேட்டு யாரும் எழுதிவிடாதீர்கள்.) வேப்பமரத்துக்கும் ரைபோசோம் உண்டு, வைகைத் தண்ணீரில் நெளிகிற பாக்டீரியாவுக்கும் உண்டு, எனக்கும் உங்கள் மாமியாருக்கும் உண்டு. அதில் இருக்கிற ஆர்.என்.ஏ. எழுத்து வரிசையை வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், யார் யாருக்கு எத்தனை தலைமுறைப் பங்காளி என்று மரம் போட்டுவிடலாம். கார்ல் வூஸ் என்பவர் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்து இதைத்தான் செய்தார். மீத்தேன் விடுகிற சில நுண்ணுயிர்களை அதுவரை எல்லோரும் பாக்டீரியா என்றே நினைத்திருந்தார்கள். நுண்ணோக்கியில் அப்படித்தான் தெரியும். வூஸும் அவரோடு வேலை பார்த்த ஜார்ஜ் ஃபாக்ஸும் ஆர்.என்.ஏ.வைப் பார்த்துவிட்டு 1977-இல் "இவை பாக்டீரியா இல்லை, முற்றிலும் வேறொரு கிளை" என்றார்கள். இன்றைக்கு அந்தக் கிளைக்கு ஆர்க்கியா என்று பெயர்.

கவனியுங்கள். அவ்வளவு தூரத்துச் சொந்தம், கொதிக்கிற ஊற்றிலும் உப்பளத்திலும் வாழக்கூடிய கூட்டம். ஆனாலும் அதே கோயில், அதே பூசாரி. மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கிற அதே 64 சொல் அகராதி, அதே 20 அமினோ அமிலம். இங்கே புதிதாக எதைப் பிடித்தாலும் கடைசியில் இந்த மரத்தில் எங்காவது ஒரு கொப்பில் போய் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டவே ஒட்டாத ஒன்று வந்தால்தான் நாங்கள் நாற்காலியை விட்டு எழுந்திருப்போம்.

கேள்வி: அப்படியானால் டி.என்.ஏ. சோதனையில் 'ஒன்றும் இல்லை' என்று வந்தால் அது வேற்றுக்கிரக உயிர் என்று முடிவு செய்துவிடலாமா சார்?
– கல்லூரி மாணவர், உசிலம்பட்டி

பதில்: இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு ஒரு ஜிகர்தண்டா வாங்கித் தரலாம் தம்பி. முடிவு செய்ய முடியாது. கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே பி.சி.ஆர்., அது நகல் எடுக்கிற சோதனை. எந்த எழுத்தில் ஆரம்பித்து எந்த எழுத்தில் முடிய வேண்டும் என்று முன்கூட்டியே அதற்குச் சொல்லித்தர வேண்டும். தெரிந்த சொந்தக்காரரை மட்டும்தான் அது கூப்பிடும். பாறாங்கல்லை அரைத்துப் போட்டாலும் 'ஒன்றும் இல்லை' என்றுதான் வரும். செல் சுவர் உடையாவிட்டாலும் அதே பதில். ஆகவே 'இல்லை' என்று வந்தால் வேறு கதவைத் தட்ட வேண்டும்.

அந்த வேறு கதவு, வேதியியல். மீனாட்சி அம்மன் கோயிலுக்கு வெளியே செருப்பு விடுகிற இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இடது, வலது என்று ஜோடி ஜோடியாகக் கிடக்கும். ஒரு நாள் போய்ப் பார்க்கிறீர்கள், அத்தனையும் இடது கால் செருப்பு. யாரோ வேலை மெனக்கெட்டுப் பொறுக்கியிருக்கிறார்கள் என்று உடனே தெரிந்துவிடும் இல்லையா? அமினோ அமிலங்களிலும் இப்படி இடது, வலது உண்டு. கண்ணாடியில் பார்த்த பிம்பம் மாதிரி. ஆய்வகத்தில் சாதாரணமாகச் செய்தால் பாதிக்குப் பாதி வரும். பூமியின் உயிர்கள் தங்கள் புரதத்துக்கு இடதை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொள்கின்றன. பாக்டீரியா தன் சுவரில் கொஞ்சம் வலதைச் சொருகும். சர்க்கரையில் நேர்மாறு, டி.என்.ஏ.வில் இருப்பது வலது.

1969 செப்டம்பர் 28-ஆம் தேதி ஆஸ்திரேலியாவில் மர்ச்சிசன் என்ற ஊரில் விண்கல் ஒன்று விழுந்தது. அதற்குள் எழுபதுக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள். நம் உயிர்கள் தொட்டுக்கூடப் பார்க்காதவை அவற்றில் ஏராளம். பெரும்பாலும் இடதும் வலதும் ஏறக்குறைய கலந்தே கிடந்தன. பென்னு என்ற குறுங்கோளிலிருந்து 2023 செப்டம்பரில் நாசா கொண்டுவந்து இறக்கிய 121.6 கிராம் மண்ணிலும் இதே கதை: நம் இருபதில் பதினான்கு இருக்கிறது, டி.என்.ஏ., ஆர்.என்.ஏ.வுக்கு வேண்டிய ஐந்து காரங்களும் இருக்கின்றன, ஆனால் இடதும் வலதும் சமம். பலசரக்குக் கடையில் சாமான் எல்லாம் இருக்கிறது, யாரும் சமைக்கவில்லை. அந்த மாதிரி ஒரு கல்லில் அத்தனையும் வலது கால் செருப்பாக மட்டும் இருந்தது என்று யாராவது நிரூபித்தால், நான் சட்டை போடாமல் மேலமாசி வீதியில் ஓடுவேன். அது நம் வகையறா இல்லை, அதே நேரம் யாரோ பொறுக்கியும் இருக்கிறார்கள்.

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஒன்று சொல்லி வைக்கிறேன். 2010-இல் கலிபோர்னியாவின் மோனோ ஏரியிலிருந்து எடுத்த ஒரு பாக்டீரியா, டி.என்.ஏ.வில் பாஸ்பரஸுக்குப் பதிலாக ஆர்சனிக்கை வைத்துக்கொள்கிறது என்று பெரிய அறிவிப்பு வந்தது. நானும் வகுப்பில் போய் அளந்தேன். இரண்டே வருடத்தில் மற்றவர்கள் சோதித்து, அது ஆர்சனிக்கைச் சகித்துக்கொள்கிற, பாஸ்பரஸை விடாமல் பிடித்துக்கொள்கிற நம்மூர் உயிர்தான் என்றார்கள். 2025-இல் அந்தக் கட்டுரையையே இதழ் திரும்பப் பெற்றுவிட்டது. நான் வகுப்பில் அளந்ததைத் திரும்பப் பெற வழியில்லை.

கேள்வி: மேலூர் பக்கம் ஒரு பாழும் கிணற்றில் ஏலியன் குஞ்சுகள் என்று வாட்ஸாப்பில் வீடியோ வந்தது. வெள்ளை முகம், கறுப்புக் கண், மனிதர் மாதிரி நிமிர்ந்து நிற்கின்றன, பாம்பு மாதிரி சீறுகின்றன. உண்மையா?
– ஒரு வாசகர், ஒத்தக்கடை

பதில்: கூகைக் குஞ்சு. எலி பிடித்துத் தின்று உங்கள் நெல்லைக் காப்பாற்றும். கல்லெறிய வேண்டாம், அனுப்பியவருக்கும் இதைச் சொல்லுங்கள்.

கேள்வி: 2001-இல் கேரளாவில் சிவப்பு மழை பெய்தபோது எங்கள் ஊர்வரை அந்தப் பேச்சாக இருந்தது. வால் நட்சத்திரத்திலிருந்து வந்த உயிர் என்றார்கள். கடைசியில் என்ன ஆயிற்று?
– ஏலக்காய் வியாபாரி, கம்பம்

பதில்: உங்களுக்கு மலையேறினால் அந்தப் பக்கம், உங்களைவிட யாருக்கு இதில் உரிமை இருக்கிறது! 2001 ஜூலை 25 தொடங்கி செப்டம்பர் வரை விட்டு விட்டுப் பெய்தது. துவைத்துக் காயப்போட்ட வேட்டியெல்லாம் சிவந்துபோனது என்பார்கள். தண்ணீரைப் பிடித்து நுண்ணோக்கியில் வைத்தால் சிவப்பாகச் செல் மாதிரி உருண்டைகள். கோட்டயம் மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்து இயற்பியலாளர்கள் இருவர், அதில் டி.என்.ஏ. அகப்படவில்லை, வெளியிலிருந்து வந்த செல்லாக இருக்கலாம் என்று 2006-இல் கட்டுரை வெளியிட்டார்கள்.

ஆனால் 2001-லேயே திருவனந்தபுரத்து ஆய்வு நிறுவனங்கள் இரண்டு வேறு வேலை செய்திருந்தன. அந்த உருண்டைகளை ஊட்டம் கொடுத்து வளர்த்துப் பார்த்தன. முளைத்தது ட்ரென்டிபோலியா என்ற பாசி. மழைக் காலத்தில் உங்கள் பக்கத்து மரப்பட்டையிலும் ஈரச் சுவரிலும் காவி பூசினது மாதிரி படருமே, அந்த வகையறாதான். பெயர்தான் பச்சைப்பாசி, நிறம் காவி. அதன் வித்துகள்தான் மழையோடு இறங்கின. பிற்பாடு வேறு ஆராய்ச்சியாளர்கள் டி.என்.ஏ.வையும் எடுத்துக் காட்டி இன்ன இனம் என்றே சொல்லிவிட்டார்கள். தடித்த ஓடு கொண்ட வித்து டி.என்.ஏ.வை லேசில் கொடுக்காது. உசிலம்பட்டித் தம்பிக்குச் சொன்னேனே, அதேதான்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் நான் மெச்சுகிற வேலை ஒன்று உண்டு. 2005-இல் ஹைதராபாத்திலிருந்து இஸ்ரோவின் உதவியோடு ராட்சத பலூன் ஒன்றை விட்டார்கள். நுண்ணுயிர் நீக்கி, காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்து மூடிய 16 எஃகுக் குழாய்கள் அதில் தொங்கின. 20 முதல் 41 கிலோமீட்டர் உயரம் வரை வெவ்வேறு மட்டத்தில் காற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கின. ஹைதராபாத்தில் ஓர் ஆய்வகம், புனேயில் ஓர் ஆய்வகம், இரண்டும் தனித்தனியாகச் சோதித்தன. பன்னிரண்டு பாக்டீரியா, ஆறு பூஞ்சை கிடைத்தன. அந்தப் பாக்டீரியாவில் மூன்று அதுவரை யாரும் பார்க்காத இனம்! ஒன்றுக்கு ஆரியபட்டர் பெயர், ஒன்றுக்கு இஸ்ரோ பெயர், ஒன்றுக்கு விஞ்ஞானி ஃபிரெட் ஹாயில் பெயர். எங்கிருந்து கிடைத்தது என்று பார்த்தால் வானம். குலதெய்வம் என்ன என்று ரைபோசோம் ஆர்.என்.ஏ.வைக் கேட்டால் இரண்டு நம் தோட்டத்து மண்ணில் கொட்டிக் கிடக்கிற பேசில்லஸ் வகையறா, ஹாயில் பெயர் கொண்டது ஜானிபாக்டர் என்ற வேறு வகையறா, அதுவும் நம் மரத்துக் கொப்புதான். புது இனம் என்று அறிவித்தார்கள். வெளியிலிருந்து வந்தது என்று இதை வைத்துத் தீர்மானமாகச் சொல்ல முடியாது என்பதையும் 2009 அறிக்கையிலேயே எழுதினார்கள்.

கேள்வி: செவ்வாயில் உயிர் கிடைத்து, அது நம் பங்காளியாகவே இருந்துவிட்டால்? அப்போது உங்கள் குலதெய்வக் கணக்கு உதவாதே.
– ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், திருமங்கலம்

பதில்: அகப்பட்டுக்கொண்டேன் அய்யா. செவ்வாயில் பெரிய கல் மோதினால் அங்கிருந்து சில்லுகள் கிளம்பி இங்கே வந்து விழுகின்றன. அவற்றுக்குள் சிறைப்பட்ட வாயு, 1976-இல் வைக்கிங் கலம் அங்கே அளந்த காற்றோடு ஒத்துப்போனதால்தான் அவை செவ்வாய்க் கற்கள் என்று தெரிந்தது. கல் வரலாம் என்றால் கல்லுக்குள் உயிரும் அப்படி ஒரு காலத்தில் போய் வந்திருக்கலாம். அப்போது அதே கோயில்தான் இருக்கும்.

அந்த நிலையில், மரத்தில் எந்தக் கொப்பில் ஒட்டுகிறது என்று பார்ப்பார்கள். நம் தோலில் வாழ்கிற பாக்டீரியாவுக்கு அடுத்த வீடு என்றால் சந்தேகமே வேண்டாம், விஞ்ஞானி கையுறையைச் சரியாகப் போடவில்லை. எல்லாக் கிளைக்கும் முந்தி அடிமரத்திலேயே பிரிந்தது என்றால் சங்கதி வேறு. இரண்டாவதாக, அது குடித்த தண்ணீரைக் கேட்பார்கள். செவ்வாய்க் காற்றில் இருக்கிற நீராவியில் கன ஹைட்ரஜனின் (எடை கூடிய ஹைட்ரஜன்) பங்கு நம் கடல் தண்ணீரைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். அந்தத் தண்ணீரில் வளர்ந்த உடம்பில் அதன் முத்திரை இருக்கும். ஆனால் இங்கே கொண்டுவந்து நம் தண்ணீரை ஊற்றி வளர்த்துவிட்டால் முத்திரை அழிந்துபோகும். முதலில் அளக்க வேண்டும், சோறு பிறகு. பக்கத்தில் கீழடிக் குழியில் பார்த்திருப்பீர்கள், எந்த மண் அடுக்கில் கிடந்தது என்று குறிக்காமல் பிடுங்கி எடுத்த பானை ஓட்டுக்கு மதிப்பு பாதி போய்விடும்.

நம் அழுக்கு எப்படியெல்லாம் உள்ளே புகும் என்பதற்கு ஏஎல்எச் 84001 என்ற செவ்வாய்க் கல் இருக்கிறது. 1984-இல் அன்டார்டிகாவில் எடுத்தது. 1996 ஆகஸ்டில் 'உள்ளே புதையுண்ட உயிர்த் தடம்' என்று விஞ்ஞானிகள் சொல்ல, அமெரிக்க அதிபரே தொலைக்காட்சியில் வந்து பேசினார். ஆனால் அந்தக் கல் ஏறத்தாழ 13,000 வருடம் இங்கே பனியில் கிடந்தது. கரியின் வயதைச் சோதித்தபோது அதிலிருந்த கரிமப் பொருளில் பெரும்பங்கு இங்கே ஒட்டிக்கொண்டது என்று தெரிந்தது.

அவர்களைச் சொல்லுவானேன். முதுகலை படிக்கும்போது யானைமலைச் சுனையில் ஒரு போத்தல் தண்ணீர் எடுத்து வந்து தட்டில் ஊற்றினேன். தட்டில் இருப்பது அகர். நம்மூரில் கடல்பாசி என்று நோன்புக்குக் காய்ச்சுவார்களே, அதுதான். மூன்றாம் நாள் தட்டு முழுக்க ரத்தச் சிவப்பில் பொட்டுப் பொட்டாக முளைத்தது. எனக்கு இரண்டு நாள் தூக்கம் இல்லை. மலையின் பெயரைச் சேர்த்து நோட்டில் இனப்பெயரே எழுதிவிட்டேன். எங்கள் பேராசிரியர் தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரே கேள்வி: "வெறும் தட்டு எங்கப்பா?"

சுனைத் தண்ணீர் ஊற்றாமல், மற்ற எல்லாம் அதே மாதிரி செய்து வைக்கிற தட்டு. நான் வைக்கவில்லை. அன்றைக்கு வைத்தேன். மூன்றாம் நாள் அதிலும் அதே சிவப்பு. ஆய்வகக் குழாயில் மாட்டியிருந்த பழைய ரப்பர் டியூபுக்குள் செரேஷியா என்ற பாக்டீரியா குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. ஈரமான சோற்றில்கூட சில நேரம் சிவப்பாகப் படருமே, அது. அந்தக் கல்லூரி பெயரைக் கேட்காதீர்கள். டியூப் மட்டும் அங்கே இன்னும் மாறியிருக்காது என்பது என் ஊகம்.

வைக்கிங் கதையும் கிட்டத்தட்ட இதுதான். செவ்வாய் மண்ணில் ஊட்டத்தை ஊற்றியதும் வாயு குபுகுபுவென்று வந்தது, உயிர் மூச்சு விடுகிற மாதிரி. இன்னொரு கருவி, கரிமப் பொருளே இல்லை என்றது. 2008-இல் ஃபீனிக்ஸ் கலம் அந்த மண்ணில் பெர்குளோரேட் உப்பு இருப்பதைக் கண்டது. தீக்குச்சி மருந்தில் இருக்கிற குளோரேட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி அது. சூடாக்கினால் கூட இருக்கிற கரிமத்தை எரித்துவிடும். வாயுவையோ உயிரே இல்லாத வேதி வினையும் கிளப்பியிருக்கலாம். ஆக, இல்லை என்ற கருவியையும் நம்ப முடியவில்லை, இருக்கிறது என்ற கருவியையும் நம்ப முடியவில்லை. தலைமையாசிரியர் அய்யா, வழக்கு இன்னும் வாய்தாவில்தான் இருக்கிறது.

கேள்வி: சார், எங்கம்மா ஒரு மஞ்சள் ஏலியன் பத்தி உங்களுக்கு எழுதினாங்க. அப்பத்தாவுக்குத் தெரியாம கொஞ்சம் எடுத்து ஒளிச்சு வெச்சேன். இப்ப பழுப்பாகிப் பொடியாயிருச்சு. தீப்பெட்டியில போட்டு அனுப்பியிருக்கேன். டெஸ்ட் பண்ணிச் சொல்லுங்க.
– ஏழாம் வகுப்பு, செக்கானூரணி

பதில்: தீப்பெட்டி வந்து சேர்ந்தது கண்ணு. மேலே 'கவனம், ஏலியன்' என்று சிவப்பு மையில் எழுதியிருந்ததால் தபால்காரர் என் கையில் கொடுக்காமல் திண்ணையில் வைத்துவிட்டுப் போனார்.

என்னிடம் இருப்பது ஒற்றைக்கண் நுண்ணோக்கி, உன் அப்பாவைவிட வயதானது. அதில் பார்த்தேன். உருண்டை உருண்டையாக வித்துகள், சளிப்பூஞ்சைக்கு இருக்க வேண்டிய மாதிரியே. கூடவே தேங்காய் நார் இரண்டு, எறும்புக் கால் ஒன்று. அப்புறம் கருஞ்சிவப்பாகச் சில துகள். ஐந்து நிமிடம் எனக்கே புரியவில்லை. நாற்பத்தைந்து வருடத்துக்கு முந்தைய அந்த இரண்டு இரவும் ஞாபகம் வந்தது. பிறகு பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். குச்சி உரசுகிற பட்டையில் ஒரு ஓரம் பெயர்ந்திருக்கிறது.

அடுத்த தடவை எதை அனுப்பினாலும், எடுத்த இடம், தேதி, மழை பெய்ததா இல்லையா என்று ஒரு தாளில் எழுதி வை. அதே கடையில் அதே தீப்பெட்டி இன்னொன்று வாங்கி, குச்சியைக் கொட்டிவிட்டு, உள்ளே எதுவும் போடாமல் அதையும் கூட அனுப்பு.